கடல் கயாக்கில் வழி அறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கயாக் என்ற குறுகிய சிறுபடகில் துடுப்பு போடக் கற்றுக்கொண்டு, அமைதியான நீரை விட்டுக் கடலுக்குள் போக நினைப்பவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, நான் சொல்லும் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். எளிதானவை முதலில் வருகின்றன. பின்னால் வருபவை முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. ஒன்று மட்டும் முன்கூட்டியே: கவிழ்ந்தால் தண்ணீரிலிருந்தே மறுபடி கயாக்கில் ஏறத் தெரியாதவர் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். வழி அறிவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கரை தெரியுற தூரத்துலதான் போகப் போறேன். இதுக்கு வழி கண்டுபிடிக்க வேற கத்துக்கணுமா?

கயாக்கில் உட்கார்ந்தால் உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயரத்தில் இருக்காது. அங்கிருந்து அடிவானம் 3 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தாழ்வான மணல்திட்டுகள் அதற்கு அப்பால் மறைந்துவிடும். கடலுக்குள் நீளும் நிலமுனைகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, இடையில் இருக்கும் வளைகுடாவே தெரியாமல் போகும். தீவும் நிலமும் ஒரே கோடாக ஒட்டிக்கொள்ளும். கரை தெரியும், ஆனால் அது கரையின் எந்த இடம் என்று தெரியாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்பது பாதிக் கேள்விதான். ‘இந்தத் தண்ணீர் என்னை எங்கே கொண்டுபோகிறது, இன்னும் ஒரு மணி நேரத்தில் இது எப்படி மாறும்’ என்பது மீதிப் பாதி. கரையோரக் கயாக் பயணங்களில் ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

போன்ல ஜிபிஎஸ் இருக்கே, அது போதாதா?

எடுத்துப் போங்கள், நல்ல கருவி. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். உப்புநீர் பட்ட தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது, வெயிலில் திரை தெரியாது, குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அலை வந்துகொண்டிருக்கும்போது துடுப்பிலிருந்து கையை எடுக்கவும் முடியாது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், இப்போது நீங்கள் இருக்கும் புள்ளியைத்தான் ஜிபிஎஸ் சொல்லும். இரண்டு மணி நேரம் கழித்து முனையில் நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லாது. நிலத்துக்காகச் செய்த வரைபடச் செயலிகளில் கடல் வெறும் நீல நிறம். என்னைக் கேட்டால், ஜிபிஎஸ்ஸால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் அது காட்டும் வேகம்தான். வழக்கமாக 3 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1,852 மீட்டர்) போகும் நீங்கள் அதே உழைப்பில் 4 நாட் போவதாக அது காட்டினால், உங்களோடு ஒரு நாட் நீரோட்டம் ஓடுகிறது என்று அர்த்தம். திரும்பி வரும்போதும் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் வேகம் 2 நாட்தான்.

கடல் வரைபடம் முழுக்க எண்ணா இருக்கு. எதைப் பாக்கணும்?

நீலம், வெள்ளைப் பகுதிகளில் இருக்கும் எண்கள் ஆழம். ஆனால் அது இந்த நிமிடத்தின் ஆழம் இல்லை. கடல் மிகவும் வற்றியிருக்கும்போது இருக்கும் மட்டத்தை அடிப்படையாக வைத்து அளந்தது. பிரிட்டன் உட்படப் பல நாடுகளின் வரைபடங்களில் இது கணக்கின்படி வரக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டம். அமெரிக்க வரைபடங்களில் அன்றாடத் தாழ்மட்டங்களில் இன்னும் தாழ்ந்தவற்றின் சராசரி. ஆக, வரைபடத்தில் உள்ள ஆழத்தோடு அந்த நேரத்து ஓத உயரத்தை (கடல் மட்டம் ஏறியிருக்கும் அளவை) கூட்டினால்தான் உண்மையான ஆழம் கிடைக்கும். அடிக்கோடிட்ட எண்கள், கடல் வற்றும்போது வெளியே தெரியும் திட்டு அந்த அடிப்படை மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் நிற்கும் என்பதைச் சொல்கின்றன.

கயாக் மிதக்கச் சில அங்குலத் தண்ணீர் போதும். அதனால் ‘தரை தட்டுமா’ என்று தேடி ஆழத்தைப் படிக்காதீர்கள். ஆழமான நீருக்கு நடுவே திடீரென்று வரும் ஒற்றைச் சிறிய எண், அலை உடையக்கூடிய பாறை. ஆழக்கோடுகள் (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கும் இடமும் கரை கடலுக்குள் நீட்டும் இடமும் நீரோட்டம் வேகமெடுக்கும் இடங்கள். அப்புறம் கரையைப் பாருங்கள்: மணலா, பாறையா, செங்குத்துச் சரிவா, சேறா? ஏற்றத்தில் அழகான கரையாகத் தெரியும் இடம், வற்றியபின் முழங்கால் ஆழச் சேறாக நீண்டுகிடக்கலாம். கயாக் ஓட்டுபவருக்கு வரைபடத்தில் முதலில் தெரிய வேண்டியது எங்கே இறங்க முடியும், எங்கே முடியாது என்பதே.

தூரம் அளக்க வரைபடத்தின் இடது, வலது ஓரங்களில் உள்ள அட்சரேகை அளவைப் பயன்படுத்துங்கள். அதில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். மேலும் கீழும் உள்ள தீர்க்கரேகை அளவில் அளக்கக் கூடாது. பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக அது சுருங்கும்.

அவ்வளவு பெரிய வரைபடத்தைக் கயாக் மேல எப்படி வைக்கிறது?

தேவையான பகுதி மட்டும் தெரியும்படி மடித்து, நீர் புகாத உறையில் போட்டு, முன்னால் உள்ள எலாஸ்டிக் கயிறுகளுக்கு அடியில் செருகிவிடுங்கள். கோடு இழுப்பது, கோணம் அளப்பது, கூட்டல் கழித்தல் எல்லாவற்றையும் கரையிலேயே முடித்து உறையின் மேல் மெழுகுப் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். திசை, தூரம், நேரம், நீரோட்டம் திரும்பும் மணி, இறங்கக்கூடிய இடங்கள். இவ்வளவு போதும். தண்ணீரில் தூரம் பார்க்க, அந்த வரைபடத்தில் ஒரு கடல் மைலுக்கு உங்கள் விரல் எவ்வளவு என்று முன்பே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1880களில் கிழக்கு கிரீன்லாந்தின் அம்மாசாலிக் பகுதியிலிருந்து கஸ்டாவ் ஹோம் என்ற டேனிஷ் கடற்படை அதிகாரி மரத்தில் செதுக்கிய கடற்கரை வரைபடங்களைக் கொண்டுவந்தார். குனித் என்ற உள்ளூர்க்காரர் செதுக்கியவை. மரத்துண்டின் ஓரத்தில் உள்ள வெட்டுகள் கடற்கழிகளையும் மேடுகள் முனைகளையும் காட்டும். கடல் வழி அடைபட்டால் எந்த இடத்தில் கயாக்கைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் நடக்கலாம் என்பதும் அவற்றில் குறிக்கப்பட்டிருப்பதாக ஹோம் எழுதிவைத்திருக்கிறார். எதைக் குறிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு எனக்கு இன்றும் வியப்பு.

நான் எவ்வளவு வேகமாப் போறேன்னு எப்படித் தெரியும்?

பயணச் சாமான்களோடு, நாள் முழுக்கத் தாங்கும் உழைப்பில் பெரும்பாலானோர் 3 நாட் அளவில் போவார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். 3 நாட் என்றால் ஒரு கடல் மைலுக்கு 20 நிமிடம். இது கணக்குக்கு வசதியான எண், ஆனால் உங்களுடைய எண் இல்லாமல் இருக்கலாம். நீரோட்டம் இல்லாத இடத்தில் தூரம் தெரிந்த இரண்டு குறிகளுக்கு நடுவே போய், திரும்பியும் வந்து, நேரத்தை அளந்து பாருங்கள்.

குழுவாகப் போனால் மிக மெதுவானவரின் வேகம்தான் குழுவின் வேகம். தண்ணீர் குடிக்கவும் படம் எடுக்கவும் நிற்கும் நேரமும் கணக்கில் வர வேண்டும். நீங்கள் நின்றாலும் நீரோட்டம் நிற்காது. 2 நாட் ஓட்டத்தில் பத்து நிமிடம் ஓய்வெடுத்தால் 600 மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பீர்கள்.

ஓத அட்டவணையை எப்படிப் படிக்கிறது?

நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம். பல கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 8 மணிக்கு வந்த ஏற்றம் நாளை 8.50 வாக்கில் வரும். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. தாய்லாந்து வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே ஓர் ஏற்றம்தான். ஏறி இறங்கும் அளவும் இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் அது 16 மீட்டர் வரை போகும். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் இருப்பதே தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி (பொதுவாக ஓரிரு நாள் தள்ளி) பெரு ஓதம் வரும்: மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக வற்றும். அரைநிலவை ஒட்டிச் சிறு ஓதம்.

அட்டவணையை எடுத்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: எந்தத் துறைமுகத்துக்கானது, எந்த நேரமண்டலம், கோடைக்கால நேரம் சேர்க்கப்பட்டதா. ஒரு மணி நேரத் தவறு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது.

இடைப்பட்ட நேரத்து உயரத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு உதவும். ஆறு மணி நேரத்தில் மட்டம் 1, 2, 3, 3, 2, 1 என்ற விகிதத்தில் மாறும். மொத்த வித்தியாசம் 3.6 மீட்டர் என்றால் முதல் மணியில் 30 செ.மீ., இரண்டாவதில் 60, மூன்றாவதிலும் நான்காவதிலும் 90, பிறகு 60, கடைசியில் 30. ஏற்றமும் வற்றமும் ஒரே சீராக நடக்கும் இடங்களுக்குத்தான் இது பொருந்தும். காற்றழுத்தமும் மட்டத்தை மாற்றும்: அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு செ.மீ. உயரும்.

அப்போ ஏற்றம் முடிஞ்ச நேரத்துல நீரோட்டமும் நின்னுடும், சரிதானே?

இதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. உயரம் மாறுவது வேறு, தண்ணீர் பக்கவாட்டில் ஓடுவது வேறு. ஒரு வாய் மட்டுமே உள்ள சிறிய வளைகுடாவில் நீங்கள் சொல்வது ஏறக்குறைய சரி. ஆனால் நீரிணைகளிலும் திறந்த கரையிலும் நீரோட்டம் திரும்பும் நேரம், ஏற்ற நேரத்திலிருந்து மணிக்கணக்கில் விலகியிருக்கலாம். ஆகவே உயர அட்டவணையிலிருந்து ஓட்டத்தை ஊகிக்காதீர்கள். நீரோட்டத்துக்கென்றே தனி அட்டவணைகளும், மணி வாரியாக அம்புக்குறி போட்ட தொகுப்புகளும் உண்டு. சில வரைபடங்களில் சாய்சதுரக் குறிக்குள் ஓர் எழுத்து இருக்கும். அந்த இடத்தின் ஓட்ட விவரம் வரைபடத்தின் ஓரத்துப் பட்டியலில் இருக்கும்.

உச்ச வேகமும் திரும்பும் நேரமும் தெரிந்தால் இடைப்பட்டதை இப்படி மதிப்பிடலாம்: நின்றதிலிருந்து ஒரு மணி கழித்து உச்சத்தில் பாதி, இரண்டு மணியில் 90 விழுக்காடு, மூன்றில் முழு வேகம். பிறகு அதே வரிசையில் இறங்கும். கவனித்தீர்களா, அமைதியான இடைவெளி எவ்வளவு குறுகியது? நார்வேயின் சால்ட்ஸ்ட்ராவ்மென் நீரிணையில் ஓட்டம் 20 நாட் வரை எட்டுவதாகச் சொல்கிறார்கள். அங்கே ஓட்டம் தணியும் நேரத்தைத் தவறவிட்ட கயாக்குக்கு மறுவழி கிடையாது. அவ்வளவு தூரம் போவானேன், 4 நாட் ஓட்டமே நம்மில் பலரால் எதிர்த்துத் துடுப்பு போட முடியாதது.

நீரோட்டம் எங்கே வேகமா இருக்கும்னு பார்த்தே சொல்ல முடியுமா?

பெருமளவு முடியும். தண்ணீர் நெருக்கப்படும் எல்லா இடத்திலும் வேகமெடுக்கும்: இரு கரைகளுக்கு நடுவே, முனையைச் சுற்றும் வளைவில், கடலடி மேடாகும் இடத்தில். வளைகுடாவின் உட்புறம் தளர்வாக ஓடும். முனையின் மறுபக்கத்தில் தண்ணீர் வட்டமடித்துக் கரையோரமாக எதிர்த்திசையில் ஓடுவதும் உண்டு. எதிர் ஓட்டத்தில் மாட்டியவருக்கு இந்தச் சுழல் ஓட்டங்கள் பெரிய உதவி. ஆனால் இரண்டு ஓட்டங்களும் உரசும் கோட்டைக் கடக்கும்போது கயாக் சட்டென்று திரும்பும், கவிழ்க்கவும் பார்க்கும்.

மிதவைகளைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, எந்தப் பக்கம் நுரைத் தடம் நீள்கிறது? வலைக்கயிறுகளும் கடற்பாசிகளும் இதையே சொல்லும். காற்று இல்லாத நேரத்தில் நங்கூரமிட்ட படகுகள் ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். கடல் நடுவே எண்ணெய் தடவியதுபோல வழவழப்பாக எழும்பும் வட்டங்கள், அடியில் ஓட்டம் எதிலோ மோதுவதன் அடையாளம்.

திசைகாட்டியைப் பார்த்து நேராத்தான் போனேன், வேற இடத்துல போய்ச் சேர்ந்தேன். ஏன்?

முதல் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் நீரோட்டமோ காற்றோதான். கயாக்கின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் திசைகாட்டி சொல்லும். தண்ணீர் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தால் அதற்குத் தெரியாது.

இரண்டாவது காரணம், திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கும் வரைபடத்தில் உள்ள உண்மை வடக்கும் ஒன்றல்ல. வரைபடத்தில் உள்ள வட்டத் திசைச் சக்கரத்தின் நடுவே அந்த இடத்தின் வித்தியாசமும் அது ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்பதும் எழுதியிருக்கும். மேற்கு வித்தியாசம் (காந்த வடக்கு உண்மை வடக்குக்கு மேற்கே இருப்பது) என்றால் கூட்ட வேண்டும், கிழக்கு என்றால் கழிக்க வேண்டும். வரைபடத்தில் 90 பாகை, வித்தியாசம் 10 பாகை மேற்கு என்றால், திசைகாட்டியில் 100 வைத்துப் போக வேண்டும். இதை மறந்தால் 3 கடல் மைல் தூரத்தில் அரை மைல் விலகிவிடுவீர்கள்.

மூன்றாவது, திசைகாட்டியின் பக்கத்தில் இருக்கும் இரும்பும் காந்தமும். போனின் ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது. கயாக்கின் முன்பக்கச் சாமான் அறையில் அடுக்கிய தகர டப்பாக்களும் முள்ளை இழுக்கும். கிளம்புமுன் தெரிந்த ஒரு திசையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

நான் பக்கவாட்டுல தள்ளப்படுறேன்னு உடனே எப்படித் தெரிஞ்சுக்கறது?

கருவி எதுவும் வேண்டாம். கரையில் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும் இரண்டு அசையாப் பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்: முன்னால் ஒரு பாறை, அதற்கு நேர் பின்னால் மலையில் ஒரு கோபுரம். இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்வரை நீங்களும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறீர்கள். பின்னால் உள்ள கோபுரம் பாறைக்கு வலப்பக்கம் விலகத் தொடங்கினால் நீங்கள் வலப்பக்கம் தள்ளப்பட்டுவிட்டீர்கள். முன்னால் உள்ள பொருள் இருக்கும் பக்கமாகப் போய் இரண்டையும் மறுபடி ஒன்றாக்குங்கள்.

இந்த இரட்டைக் குறி முறையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். கடலோரச் சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது இது. சில மீட்டர் நகர்வைக்கூட உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டு பொருள்களும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நுட்பமாகக் காட்டும். முன்னால் எதுவும் கிடைக்காவிட்டால் திரும்பிப் பார்த்து, புறப்பட்ட கரையில் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேறு திசையில் இன்னொரு இணை கிடைத்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிதான் வரைபடத்தில் உங்கள் இடம்.

குறுக்கே ஓடுற நீரோட்டத்தைக் கடக்க மூக்கை எவ்வளவு திருப்பணும்?

இரட்டைக் குறி கிடைத்தால் கணக்கே வேண்டாம். கோடு கலையாதபடி மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிக்கொண்டே போனால் சரியான கோணம் தானாக அமையும். குறி கிடைக்காத இடத்துக்கு ஓர் எளிய கணக்கு: நீரோட்ட வேகத்தை உங்கள் வேகத்தால் வகுத்து 60ஆல் பெருக்குங்கள். நீங்கள் 3 நாட், ஓட்டம் 1 நாட் என்றால் 20 பாகை. ஓட்டம் ஒன்றரை நாட் என்றால் 30. ஓட்டம் 2 நாட் என்றால் கணக்கு 40 என்று சொல்லும், உண்மையில் 42ஐ நெருங்கும். கோணம் கூடக் கூட முன்னேறும் வேகம் குறையும்: 1 நாட் ஓட்டத்தில் 2.8 நாட் முன்னேறுவீர்கள், 2 நாட் ஓட்டத்தில் 2.2 மட்டுமே. ஓட்டம் 3 நாட் ஆகிவிட்டால் எந்தக் கோணமும் உங்களை நேர் எதிர்க்கரைக்குக் கொண்டுபோகாது.

நீண்ட கடப்பில் வேறு யோசனை வேண்டும். கடக்கும் நேரத்தில் ஓட்டம் மூன்று மணி நேரம் இடப்பக்கமும் பிறகு மூன்று மணி நேரம் வலப்பக்கமும் அதே அளவில் ஓடுமென்றால், நேர்க்கோட்டைக் காப்பாற்றப் போராடுவது வீண் உழைப்பு. ஒரே திசையில் மூக்கை வைத்துப் போங்கள். ஒரு பக்கம் தள்ளியது மறுபக்கம் திருப்பித் தரும். சமமாக இல்லாவிட்டால், மணி வாரியாகக் கூட்டிக் கழித்து மிஞ்சும் நகர்வுக்கு மட்டும் திருத்தம் செய்தால் போதும். சந்தேகம் வந்தால் ஓட்டத்தின் மேல்பக்கமாகவே குறிவையுங்கள். கடைசியில் ஓட்டத்தோடு இறங்குவது எளிது, எதிர்த்து ஏறுவது கடினம்.

முன்னறிவிப்புல காத்து எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை?

புதியவர்களுக்கு, காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 3, அதாவது 7 முதல் 10 நாட் வரை என்று சொல்வேன். 4 என்பது 11 முதல் 16 நாட். கடல் முழுக்க வெள்ளை நுரை தெரியத் தொடங்கும் நிலை அது. அனுபவமும் நல்ல குழுவும் வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அதனால் 10 நாட்டில் சுகமாகப் போனவர் 20 நாட்டில் நகரவே முடியாமல் திணறுவார்.

எண்ணைவிடத் திசையை நான் அதிகம் பார்ப்பேன். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கரையோரத்தில் கடலை வழவழப்பாக வைத்திருக்கும். வெளியே போகப் போக அலை வளரும், காற்றோ உங்களை இன்னும் வெளியே தள்ளும். கரையிலிருந்து பார்த்து ‘கடல் அமைதி’ என்று முடிவு கட்டும் பலர் ஏமாறுவது இந்தக் காற்றில்தான். வெயில் நாளில் பிற்பகலில் கடற்காற்று எழும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காத்து கம்மிதான், ஆனா முனையில மட்டும் கடல் கொதிச்சுது. எப்படி?

காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக வந்திருக்கும். 12 நாட் காற்று, 3 நாட் ஓட்டம், இரண்டும் ஒரே திசை என்றால் தண்ணீருக்கு அது 9 நாட் காற்று. எதிரெதிர் என்றால் 15. அதோடு, எதிர் ஓட்டம் வரும் அலைகளை நெருக்கிச் சுருக்கி, செங்குத்தாக நிமிர்த்தி உடைக்கும். முனையடியில் ஓட்டம் வேகமெடுக்கும் என்று மேலே பார்த்தோம். அடியில் பாறைமேடும் இருந்தால் கொந்தளிப்பு இன்னும் கூடும். செங்குத்துப் பாறையில் மோதித் திரும்பும் அலைகள் வரும் அலைகளோடு சேர்ந்து, திசையே இல்லாமல் துள்ளவும் செய்யும்.

இது முன்கூட்டியே தெரியக்கூடிய ஒன்று என்பதுதான் நல்ல செய்தி. ஓட்டம் திரும்பும் நேரத்தையும் காற்றின் திசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காலையில் பணிவாக இருந்த முனை, ஓட்டம் திரும்பிய ஒரு மணி நேரத்தில் வேறு முனையாகிவிடும். ஓட்டம் நிற்கும் நேரத்தில் அங்கே இருக்கும்படி புறப்படும் நேரத்தை வையுங்கள். முடியாவிட்டால் முனைக்கு முன்பே இறங்கிக் காத்திருங்கள்.

அலை 1 மீட்டர்னுதான் சொன்னாங்க. கரையில ஏன் அவ்வளவு பெருசா உடைஞ்சுது?

உயரத்தோடு நொடிக் கணக்கையும் பார்த்தீர்களா? ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம் அது. 6 நொடி அலை ஆழ்கடலில் சுமார் 56 மீட்டர் நீளம். 14 நொடி அலை 300 மீட்டரைத் தாண்டும். நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலை கடலடியை உணரத் தொடங்கும். அதனால் நீண்ட அலை வெகு தொலைவிலேயே திரும்பி வளைந்து, கரையை நெருங்க நெருங்க உயர்ந்து, பிறகு முழு வலுவோடு விழும். ஆழம் அலை உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது உடையும். வெளியே அது வருவதே தெரியாது, ஏனென்றால் சரிவு அவ்வளவு மென்மை.

அறிவிப்பில் வரும் உயரம் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி ஓர் அலை அதைப்போல இரண்டு மடங்குகூட வரலாம். எனவே இறங்குமுன் வெளியே நின்று பல நிமிடம் பாருங்கள். கடல் பக்கத்திலிருந்து அலையின் முதுகு மட்டுமே தெரியும், உடையும் முகம் தெரியாது. வரைபடத்தில் பார்த்த ஒற்றைப் பாறைகளிலும் இதே கதை. பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, ஒரு பெரிய வரிசை வரும்போது மட்டும் உடையும்.

மிதவைகளோட நிறம் நாட்டுக்கு நாடு மாறுமாமே?

ஆம், உலகில் இரண்டு முறைகள். கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம் வருவது ‘ஏ’ முறை. வலப்பக்கம் வருவது ‘பி’ முறை. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை ‘பி’. மற்ற பெரும்பாலான நாடுகள் ‘ஏ’. கருப்பும் மஞ்சளும் கலந்து, உச்சியில் இரண்டு கூம்புகள் கொண்ட திசை மிதவைகள் இரண்டு முறையிலும் ஒன்றே. கூம்புகள் இரண்டும் மேல்நோக்கினால் வடக்கு மிதவை, அதன் வடக்குப் பக்கம் பாதுகாப்பான நீர். இரண்டும் கீழ்நோக்கினால் தெற்கு. கயாக்குக்கு ஆழமான பாதை தேவையில்லை. மிதவை வரிசைக்குச் சற்று வெளியே, பெரிய கலங்கள் வர முடியாத ஆழத்தில் போவதே நமக்குச் சரி.

கப்பல் பாதையைக் கடக்கணும். அவங்க நமக்கு வழி விட மாட்டாங்களா?

எதிர்பார்க்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 9ஆவது விதி, 20 மீட்டருக்குக் குறைவான நீளமுள்ள கலம் குறுகிய கால்வாயில் மட்டுமே போகக்கூடிய கப்பலுக்கு இடையூறு செய்யக் கூடாது என்கிறது. விதி ஒருபுறம் இருக்கட்டும், பெரிய கப்பலால் உங்களுக்காக நிற்கவும் முடியாது. மாலுமி உங்களைப் பார்ப்பதும் அரிது, ரேடாரில் கயாக் தெரிவதும் அரிது.

கணக்கைப் பாருங்கள். அரை கடல் மைல் அகலப் பாதையை 3 நாட் வேகத்தில் கடக்க 10 நிமிடம். 20 நாட் கப்பல் அந்த நேரத்தில் 3.3 மைல் வந்துவிடும். ஆகவே இரு பக்கமும் அவ்வளவு தூரமாவது தெளிவாக இருந்தால்தான் புறப்பட வேண்டும். குழு நெருக்கமாக, பாதைக்குச் செங்குத்தாக, நடுவில் நிற்காமல் போக வேண்டும். கப்பல் நெருங்கிக்கொண்டே வந்து, உங்களிடமிருந்து அது தெரியும் திசைக் கோணம் மட்டும் மாறாமல் இருந்தால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள். நின்று, அதன் பின்பக்கமாகப் போங்கள். இருட்டில் வெள்ளை விளக்கு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நடுவுல மூடுபனி வந்துட்டா?

பனி மூடுவது தெரிந்த அந்த நொடியில் நேரத்தைக் குறித்து, வரைபடத்தில் உங்கள் இடத்தையும் குறியுங்கள். அதன் பிறகு திசைகாட்டியையும் கைக்கடிகாரத்தையும் வைத்துத்தான் பயணம். போகும் இடத்துக்கு நேராகக் குறிவைக்காமல், வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளிக் குறிவையுங்கள். கரை தட்டுப்பட்டதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று குழம்ப வேண்டியிருக்காது. கடப்பு தொடங்காத நிலையில் இருந்தால் தொடங்கவே வேண்டாம், கரையை ஒட்டித் திரும்புங்கள். குழுவினர் ஒருவருக்கொருவர் துடுப்பு நீள இடைவெளியில் இருக்கட்டும். உடலுணர்வு சொல்லும் திசையும் முள் காட்டும் திசையும் முரண்படும். மேலே சொன்ன இரும்பு, காந்தம் எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் முள்ளை நம்புங்கள்.

திட்டம் தப்பாப் போகுதுன்னு எப்போ முடிவு பண்ணித் திரும்பணும்?

அந்த முடிவின் பெரும்பகுதியைக் கரையிலேயே எடுத்துவிட வேண்டும். களைத்து, நனைந்து, ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று எல்லோரும் சொல்லும்போது நல்ல முடிவு வராது. வரைபட உறையில் இரண்டு நேரங்களை எழுதுங்கள்: முனையை எட்டியிருக்க வேண்டிய நேரம், எட்டாவிட்டால் திரும்பியே ஆக வேண்டிய நேரம். ஒவ்வொரு துண்டிலும் இறங்கக்கூடிய இடங்களையும், இறங்கவே முடியாத நீளங்களையும் குறித்துவையுங்கள்.

பிறகு முதல் அரை மணியிலேயே சரிபாருங்கள். ஒன்றரை மைல் போயிருக்க வேண்டும், ஒரு மைல்தான் ஆகியிருக்கிறது என்றால் ‘கொஞ்சம் தாமதம்’ என்று விடக் கூடாது. ஏன் என்று கேளுங்கள். யாராவது களைத்துவிட்டார்களா, அல்லது ஓட்டம் நீங்கள் நினைத்ததற்கு எதிராக ஓடுகிறதா? இரண்டாவது என்றால் அட்டவணையைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். முனையில் ஓட்டம் நிற்கும் நேரமும் தவறு, அங்கே காத்திருக்கும் கடலும் நீங்கள் எதிர்பார்த்த கடல் இல்லை. வேகம் குறைந்ததைவிட அந்தச் செய்திதான் திரும்புவதற்கான காரணம்.

புறப்படும் இடம், வழி, கடைசியாகக் கரை சேரும் நேரம், அதைத் தாண்டினால் யாரை அழைப்பது என்பதை நிலத்தில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். கடலில் இருவழியும் பேச உதவும் நீர்புகா விஎச்எஃப் வானொலியும், செயற்கைக்கோள் வழியாக உங்கள் அபாயத்தைத் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் தனிநபர் அபாயச் சைகைக் கருவியும் கயாக்கின் அறைக்குள் இல்லாமல் உடம்பிலேயே இருக்கட்டும். கவிழ்ந்து பிரிந்துவிட்டால் அறைக்குள் இருப்பது பயன்படாது. உயிராபத்து என்றால் அந்த வானொலியில் அபாய அழைப்புக்கான சானல் 16இல் ‘மேடே’ என்ற அபாயச் சொல்லை மூன்று முறை சொல்லி, நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். கரை சேர்ந்ததும் ஈர உடையை மாற்றும் முன்பே நிலத்தில் காத்திருப்பவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களைத் தேடி ஒரு மீட்புப் படகு வீணாகக் கடலில் இறங்கும்.